அச்சம் முதிர்ந்த மலை

கொல்லிமலைக்குப் போகிறேன் என்று நான் சொன்னபொழுது, நாமக்கல்லில் எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவராவது ‘நல்லது, போய் வாருங்கள்’ என்று மனம் நிறைந்து சொல்லவில்லை. ஒருவர் காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர், காலில் மிதிபட்ட மாத்திரத்தில் வழியை மறக்கடித்து, புறப்பட்ட இடத்தையே திரும்பத் திரும்பச் சுற்றவைக்கும் திகைப்பூண்டு அந்தக் காட்டில்தான் மண்டிக் கிடக்கிறது என்றார். மாந்திரீகர்களின் மலை அது, இருட்டிய பிறகு யாராவது பெயர் சொல்லி அழைத்தால் மறுமொழி கூறலாகாது என்றார் மூன்றாமவர். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வயது முதிர்ந்த ஓர் அம்மாள், சிரித்தே கொல்லும் பெண் தெய்வம் அங்கே இருக்கிறாள் என்பதை நினைவூட்டி, கையில் ஒரு பொட்டலம் திருநீறும் கொடுத்தனுப்பினார்.

இத்தனை எச்சரிக்கைகளையும் செவிமடுத்த பின்னும் நான் புறப்பட்டதற்குக் காரணம், நெடுநாளாக என் மனத்தில் தீராமல் கிடந்த ஒரு கேள்வி. கடவுளைப் புகல் என்கிறோம். அஞ்சேல் என்று கை காட்டுபவன் என்கிறோம். கீதையின் 16ஆம் அத்தியாயம் தெய்விகக் குணங்களை வரிசைப்படுத்தும்பொழுது அபயத்தையே, அதாவது அச்சமின்மையையே, எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறது. அப்படியிருக்க, அதே கடவுளை நம்பும் மக்கள் ஊர் எல்லையிலும் ஆற்றங்கரையிலும் மலை உச்சியிலும் கோரைப்பல்லும் சூலமும் விழித்த கண்ணுமாகப் பயங்கர ரூபங்களை நிறுத்தி, நடுங்கிக்கொண்டே கும்பிடுவது எதனால்? அச்சம் என்பது பக்தி முதிராத நிலையின் குறையா, அல்லது பக்தியின் உள்ளுக்குள்ளேயே அதற்கு ஓர் இடம் உண்டா? புத்தகங்களில் இதற்குக் கிடைத்த சமாதானங்கள் எனக்குப் போதவில்லை.

எனக்கு வழிகாட்டியாக வந்தவர், பல ஆண்டுகள் என்னோடு ஒரே பள்ளியில் ஆசிரியராக இருந்தவர்; மலைமேல் வளப்பூர் நாட்டில் பிறந்து வளர்ந்தவர். அவர் மலையாளி வகுப்பினர். கேரளத்தாரைக் குறிக்கும் பெயரன்று அது. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து இம்மலைகளில் குடியேறினர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பழங்குடியினர் அவர்கள். பேருந்து ஒவ்வொரு வளைவிலும் முனகித் திரும்பி மேலேறியபோது நான் முன்னிருக்கையின் கம்பியை இறுகப் பிடித்திருந்தேன். அவரோ மடியில் பையை வைத்துக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைப்போல உட்கார்ந்திருந்தார். “பயமே கிடையாதா, தம்பி?” என்று கேட்டேன். “இருக்குதுங்கண்ணா” என்றார் உடனே. “நாலஞ்சு எடத்துக்குப் பயம். மத்த எடமெல்லாம் நம்ம வீடுதானுங்களே.”

அந்த நாலைந்து இடங்களை அவர் எனக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அன்றைய யாத்திரை அப்படித்தான் அமைந்தது.

இம்மலையின் பயங்கரக் கீர்த்தி இன்று நேற்று ஏற்பட்டதன்று. ஓரி என்னும் மன்னன் இதை ஆண்டதும், அவனைக் காரி என்னும் மற்றொரு மன்னன் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்ததும் சங்க நூல்களில் பேசப்படும் செய்திகள். கொல்லிப்பாவை என்னும் தெய்வ வடிவைக் குறித்தும் நற்றிணையும் குறுந்தொகையும் அகநானூறும் பேசுகின்றன. ஆனால் அப்பாட்டுக்களில் பாவை வருவது பெரும்பாலும் தலைவியின் அழகுக்கு உவமையாக. தெய்வமே எழுதி அமைத்த வடிவம், காற்று மோதினாலும் மழை அடித்தாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் தன் எழில் குன்றாத வடிவம் என்றே புலவர்கள் அதனைப் போற்றுகிறார்கள். அப்படி அழகைப் போற்றும் ஒரு பாட்டிலேயே மலைக்கு மட்டும் அச்சம் முதிர்ந்தது என்ற பொருளில் ஓர் அடைமொழி வந்து அமர்ந்திருக்கிறது. முனிவர்களின் தவத்தைக் கெடுக்க வந்த அரக்கரை வாடையால் அறிந்து, நகைத்து மயக்கிக் கொல்வதற்காக அமைக்கப்பட்டது அந்தப் பாவை என்ற கதை பிற்காலத்தில் விரிந்தது. அழகையும் அச்சத்தையும் தெய்வத்தையும் ஒரே சொல்லில் அடக்கி ‘அணங்கு’ என்று வழங்கிய ஒரு மொழிக்கு அழகும் அச்சமும் முரணாகத் தோன்றியிரா. அம்மூன்றையும் தனித்தனியே பிரித்து, அழகைக் கலைக்கும், அச்சத்தை மூடநம்பிக்கைக்கும், தெய்வத்தை வழிபாட்டுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டவர்கள் பின்வந்த நாம்தாம்.

நண்பர் காட்டிய முதல் இடம் ஒரு கோயில் காடு. சுற்றிலும் மரவள்ளியும் அன்னாசியும், மிளகுக் கொடி படர்ந்த மரங்களின் நிழலில் காப்பிச் செடிகளுமாக, மனிதன் கை படாத நிலமே இல்லை என்னும்படி இருந்த அந்தச் சரிவில், ஓரிடத்தில் மட்டும் வானத்தை மறைத்து நின்ற முதுமரங்களின் கூட்டம் ஒன்று இருந்தது. அதன் விளிம்பிலேயே அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே சுள்ளி ஒடிக்கலாகாது. உதிர்ந்த இலையைக்கூட எடுத்துச் செல்லலாகாது. எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்கவும் ஆகாது. இந்த அச்சம் இல்லையேல் அந்த மரங்களும் இரா என்பது வெளிப்படை. ஆனால் மரங்களைக் காக்கும் உபாயமாகவே முன்னோர் இந்த அச்சத்தைக் கற்பித்துவைத்தனர் என்று இக்காலத்தில் பலர் கூறும் விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உபாயமாகக் கற்பித்த அச்சம் ஒரு தலைமுறைக்கு மேல் நிலைப்பதில்லை. கற்பித்தவனுக்கே அது இல்லையே! அந்த நிழலில் நின்றபோது நண்பரின் முகத்தில் நான் கண்டது, பெரியவர் ஒருவர் உறங்கும் அறைக்குள் அடிமேல் அடி வைத்து நுழையும் பிள்ளையின் முகம்.

அறப்பளீசுவரர் ஆலயத்தில் தரிசனம் முடித்து, அருகே ஐயாற்றின் மீன்களுக்குப் பொரி இட்டுவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி ஆகாய கங்கைக்குப் போனோம். ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு அப்படியே வீழ்கிறது. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கீழ்நாட்டிலிருந்து வந்திருந்த இளைஞர் சிலர் குளித்துக்கொண்டிருந்தனர். நானும் வேட்டியை மடித்துக் கட்டினேன். நண்பர் அருவியை ஒரு முறை பார்த்தவர், பிறகு அதனைப் பார்க்கவே இல்லை. மேலே, ஆறு வரும் திசையில், மலைமுகட்டின்மீது தங்கியிருந்த ஒரு கறுத்த மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு குனிந்து நீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, “ஏறிடுங்கண்ணா” என்றார். இளைஞர்களையும் கூப்பிட்டார். அவர்கள் சிரித்தார்கள், வகுப்பறையில்கூட நான் கேட்டிராத ஓர் உரத்த குரலில் அவர் அதட்டிய பிறகே கரையேறினார்கள். படிகளில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெள்ளம் வரவில்லை. நீர் ஒரு விரற்கடை உயர்ந்ததோ என்று நான் ஐயுற்றேன், அதுவும் உறுதியில்லை. இளைஞர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். நண்பர் முகத்தில் நாணமோ, தாம் சொன்னது பொய்த்ததே என்ற வருத்தமோ சிறிதும் இல்லை. “வரலை. நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அந்த மூன்று சொற்களை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அஞ்சியது நடக்கவில்லையாயின் அந்த அச்சம் வீண் என்பதே நம்முடைய கணக்கு. அவருடைய கணக்கில் அச்சம் ஆரூடமன்று. பலித்தால்தான் அதற்கு மதிப்பு என்பதில்லை. ஆற்றுக்குச் செலுத்த வேண்டிய ஒரு மரியாதையை அவர் செலுத்தினார், ஆறு அதனை ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

இதே மலையில் பிறந்த ஒரு வைத்தியரின் வாழ்க்கை எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் சமவெளி மக்கள் கொல்லிமலைக்கு அஞ்சியதற்குப் பாவை மட்டும் காரணமன்று, மலைக்காய்ச்சலும் காரணம். அக்காய்ச்சல் விஷக்காற்றால் வருவது என்று உலகமே நம்பியிருந்தது. மலேரியா என்ற பெயருக்குப் பொருளும் அதுதான். கொசுவின் உடலில் அதன் கிருமியை ரொனால்ட் ராஸ் சிக்கந்தராபாத்தில் கண்டறிந்தது 1897இல். அதற்குப் பிறகும், மலைமேல் ஏறிய வெளியூரார் குளிர் கண்டு, பிதற்றி, மாண்டுகொண்டுதான் இருந்தார்கள். இங்கே தங்கி மக்களுக்கு வைத்தியமும் கல்வியும் அளித்த ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் பாதிரியார், 1929இல் கருநீர்க் காய்ச்சல் என்னும் மலேரியாவின் கொடிய வகையால் இறந்தார். அவருடைய மனைவி எவலின் முதுமையிலும் மலைகளை விட்டு நீங்க மறுத்து ஊழியம் செய்து, 1974இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார். அத்தம்பதியரின் மகன், 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட்.

அவர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் மடங்கிப்போன கைகளைச் சத்திர சிகிச்சையால் நிமிர்த்தினார். நோயே விரல்களை அரித்துத் தின்கிறது என்று எல்லாரும் நம்பியிருந்த காலத்தில், விரல் குறைவதற்கு முக்கியமான காரணம் வலி தெரியாமையே என்று அவர் நிலைநாட்டினார். வலி அறியாத கை சுடுபாத்திரத்தைப் பற்றிக்கொண்டே இருக்கிறது. வலி அறியாத கால் முள்ளின்மீது நடந்துகொண்டே இருக்கிறது. இரவில் எலி வந்து விரலைக் கடிப்பதுகூட உறங்குபவனுக்குத் தெரிவதில்லை. பின்னாளில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனையில், இழந்த வலிக்குப் பதிலாகச் செயற்கை வலி ஒன்றை உண்டாக்க அவரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் முயன்றார்கள். கையுறையில் கருவி பொருத்தி, அழுத்தம் மிகும்போது மின் அதிர்ச்சி தாக்கும்படி செய்தார்கள். அது வெற்றி பெறவில்லை. ஆபத்தான வேலை ஒன்றைச் செய்ய விரும்பிய நோயாளி முதலில் மின்சாரத்தை நிறுத்தினார், வேலையை முடித்தார், பிறகு மீண்டும் போட்டுக்கொண்டார். நிறுத்திவைக்க முடிந்த வலி, வலியின் தொழிலைச் செய்யவில்லை.

உடலுக்கு வலி எதுவோ அதுவே உள்ளத்துக்கு அச்சம் என்று நான் கருதத் தொடங்கியது அன்று அந்தப் படிகளில்தான். என்னோடு பேருந்தில் ஏறி வந்த அச்சங்கள் யாவும் நான் வேண்டும்போது ஏற்றிக்கொள்ளவும் வேண்டாதபோது அணைத்துவிடவும் கூடியவை; மெய் சிலிர்ப்பதற்காக நாமக்கல்லிலிருந்து கொண்டுவந்தவை. அவற்றுக்கு இடமும் இல்லை, எல்லையும் இல்லை. மலை முழுவதும் புகைபோலப் பரவியிருந்தன. ஆகவே அருவியின் அடியில், உண்மையாகவே அஞ்ச வேண்டிய நேரத்தில், நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். நண்பருடைய அச்சத்துக்கோ வாசல் உண்டு, வேளை உண்டு, செருப்பைக் கழற்ற வேண்டிய இடம் உண்டு. அதனை நிறுத்திவைக்கும் விசை அவர் கையில் இல்லை. அதனாலேயே மற்ற இடமெல்லாம் அவருக்கு வீடாக இருக்கிறது.

தில்லைக் கூத்தனின் ஒரு கையில் தீ எரிகிறது, மற்றொரு கை அஞ்சேல் என்கிறது. ஸ்ரீருத்ரம் தன் முதல் வணக்கத்தை ருத்திரனுடைய கோபத்துக்குச் செலுத்திவிட்டே அவனைச் சிவன், மங்கள வடிவானவன் என்று அழைக்கிறது. தீக்கை பாமரருக்கு, அபயக்கை ஞானிகளுக்கு என்று இவற்றைப் பங்கிட்டுவிடலாம் என்றுதான் முன்பெல்லாம் நான் நினைத்ததுண்டு. இப்பொழுது அந்தப் பங்கீடு தவறு என்று நினைக்கிறேன். தீயைக் காணாதவனுக்கு ‘அஞ்சேல்’ என்ற சொல்லால் என்ன பயன்? அவன் அஞ்சவே இல்லையே! அச்சத்தைக் கடந்தவனுக்கும் அச்சத்தை உணராதவனுக்கும் வேறுபாடு பெரிது. கீதை சொல்லும் அபயம் முன்னவனுடையது. வலி அறியாத கையை யாரும் வீரக் கை என்று சொல்லமாட்டார்கள்.

இப்படிச் சொன்னால், பாவை என்பது மலைக்காய்ச்சலுக்கு அக்கால மக்கள் இட்ட பெயர்தான் என்று முடிவு கட்டிவிடலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். காய்ச்சலின் காரணம் தெரிந்தது, மருந்து வந்தது, நோயும் தணிந்தது. ஆனால் பாவையின் வாசலில் விளக்கு அணையவில்லை. அவள் காய்ச்சலின் மாற்றுப்பெயராக மட்டும் இருந்திருந்தால், காய்ச்சலோடு அவளும் மலையிறங்கியிருப்பாள்.

பொழுது சாயும் வேளையில் எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் போனோம். கொல்லிப்பாவை இவளே என்பது மலைமக்களின் நம்பிக்கை. காட்டின் நடுவே சிறிய சந்நிதி. நண்பர் நாள் முழுவதும் எண்ணிக்காட்டிய இடங்களில் கடைசி இடம் அது என்பதை, அவர் குரல் தாழ்ந்ததிலிருந்தே அறிந்துகொண்டேன். “எடுத்த எடுப்புல முகத்தைப் பாக்காதீங்கண்ணா. பாதத்தைப் பாருங்க” என்றார். எந்தக் கோயிலிலும் பெரியோர் சொல்வதுதான் அது. ஆனால் அன்றுவரை அதனை ஒரு சம்பிரதாயமாகவே கேட்டிருந்தேன். பூசாரி கற்பூரத்தை ஏற்றினார். சுடர் அசைய அசைய, சந்நிதிக்குள் எதுவோ அசைவதுபோல நிழல்கள் எழுந்து தாழ்ந்தன. சிரிக்கிறாளா என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல், அதற்காகவே இத்தனை தூரம் வந்தவன் என்ற நினைவு, இரண்டும் என்னைப் பிடித்து உந்தின. கண்ணை உயர்த்த முடியவில்லை. மஞ்சளும் குங்குமமும் படிந்த அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கற்பூரம் எரிந்து முடிந்தது.

இரவு நண்பர் வீட்டில், அவருடைய தாயார் எனக்குச் சாமைச் சோறு பரிமாறினார். கோயிலுக்குப் போய்வந்ததை மகன் சொல்லக் கேட்டு, கரண்டியை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, “ஆத்தா சிரிச்சாளா, சாமி?” என்று கேட்டார்.

“தெரியவில்லை, அம்மா. பாதத்தைத்தான் பார்த்தேன்” என்றேன்.

தலையசைத்துவிட்டு, இன்னும் ஒரு கரண்டி சோறு இட்டார்.