கல்லாவடியில் வந்த இரகசியம்

2019 ஜனவரியில், எச்.ஐ.வி. கண்ட 14,200 பேரின் பெயர், முகவரி முதலிய விபரங்கள் வெளியே கசிந்துவிட்டதாகச் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு அறிவித்தது. நம் கடைகளில் அன்று இதே பேச்சு. நானும் பலமாகக் கண்டித்தேன். என் கல்லாவடியில் நடந்தது மட்டும் அப்போது ஞாபகம் வரவில்லை.

அதற்கு முன்பே என் கடையிலிருந்த ஒரு தம்பிக்கு க்ஷயரோகம் கண்டது. டாக்டர் சீட்டைக் கொடுத்து, "முதலாளி, உங்களோடு இருக்கட்டும்" என்றார். டாக்டர் சர்க்காருக்கு அறிவித்தார், சட்டம் அப்படி. என்னையும் மற்றச் சிப்பந்திகளையும் அழைத்துப் பரிசோதித்தார்கள். நெருங்கிப் பழகுகிறவன் அறியாதிருந்தால் அவனுக்கே ஆபத்தல்லவா? இதில் குற்றமேதுமில்லை.

நான் செய்ததோ வேறு. பக்கத்துக் கடைக்காரர், "பையனைக் காணோமே?" என்று கேட்டதும் வியாதியின் பெயரையே சொல்லிவிட்டேன். தம்பி ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுப் பூரண சுகமடைந்தார். பேச்சு மட்டும் அடங்கவில்லை. பெண் வீட்டார் நிக்காஹ் பேச்சை முறித்துக் கொண்டார்கள். 'நான் பொய்யா சொன்னேன்?' என்று மனத்தைத் தேற்றிப் பார்த்தேன். இருப்பதைச் சொன்னால் புறம், இல்லாததைச் சொன்னால் அவதூறு என்றல்லவா ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்!

சம்பந்தம் பேசுமிடத்தில் குறையைச் சொல்லலாமே என்று சில சகோதரர்கள் கேட்பார்கள். வாஸ்தவம். பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது, பெண் கேட்டு வந்த இருவரின் நிலையையும் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்களும் புறம் பேச அனுமதியுள்ள ஆறு இடங்களில் இத்தகைய ஆலோசனையைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அங்கே கேட்டவர் வாழப்போகிற பெண். சொன்னதும் அவருக்குத் தேவையான அளவுதான். பக்கத்துக் கடைக்காரருக்கு இதில் என்ன பாத்தியதை?

பெண்ணின் தகப்பனாரே வந்து கேட்டிருந்தால் என்ன செய்வது? இதை வெகுநாள் யோசித்தேன். "தம்பியிடமே கேளுங்கள்" என்று அனுப்பிவிட்டு, தம்பியிடம் "மறைக்காதீர்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். பிறருக்குத் தொற்றும் நிலையிலிருந்து அவர் மறைத்தால், அப்போது நான் வாய் திறப்பது கடமை. குணமான நோயை நானாக எடுத்துச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

தம்பியிடம் மாப்புக் கேட்டேன், கொடுத்தார். இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறார். சென்ற மாதம் அவர் தாயார் ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு விசாரித்தேன். "நல்லா இருக்காங்க, முதலாளி" என்று சொல்லிவிட்டுச் சாமான் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.