தாட்சண்யம்

பழைய பாய்மரப் படகை வாங்க வந்தவன், புதுச் சாயத்தின் மேல் கத்தி முனையை அழுத்திப் பார்க்கிறான். முனை மெத்தென்று இறங்கினால் உள்ளே மரம் இற்றுவிட்டது என்று அர்த்தம். "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று விற்பவர் முகம் சுளிக்கிறார். அவன் கத்தியை மடக்கிவிடலாமா? அந்தத் தாட்சண்யத்துக்கு விலை கொடுப்பவர்கள், நாளை அதில் ஏறப்போகும் அவன் பிள்ளைகள் அல்லவா?

குறையைப் பார்ப்பது வெறுப்பதற்காகத்தான் என்றில்லை. 1892-ல், அமெரிக்காவின் ஃபேர்ஹேவனில், ஜோஷுவா ஸ்லோகம் என்ற மாலுமிக்கு நண்பர் ஒருவர் கொடுத்த படகு, வயலில் கிடந்து உளுத்துப்போயிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, கைவிடவும் இல்லை. 13 மாதம் பாடுபட்டுப் புதுப்பித்தார். 1895-ல் அந்த 'ஸ்ப்ரே'யில் தன்னந்தனியே புறப்பட்டு, உலகைச் சுற்றி 1898-ல் திரும்பினார்.

பார்த்த பிறகு வருகிற நம்பிக்கைதான் கடலில் மிதக்கிறது.