வாக்குக் காப்பும் கைபேசியும்



அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, இவ்விதழில் ஒரு சிறு பொருளைச் சிந்திக்க முற்படுகின்றோம். பொருள் சிறிதெனினும் அதனால் விளையும் வினை சிறிதன்று. நம் இல்லந்தோறும் புகுந்துவிட்ட கைபேசியையும், அதன் வழியே நாம் வளர்க்கும் தொடர்புகளையும் அறநெறியில் நின்று காப்பது எவ்வாறு என்பதே அப்பொருள்.

முதலில் எம் குற்றத்தைக் கூறிவிடுதலே முறை. பல்லாண்டுகள் பள்ளியில் பாடஞ்சொன்ன எம்மிடம், பழைய மாணவி ஒருத்தி தன் மருத்துவச் சோதனை முடிவைக் கைபேசியில் அனுப்பி, மனவேதனையையும் எழுதியிருந்தாள். அவள் நலம்பெற வேண்டும் என்னும் ஆவலால் அதனை அப்படியே எம் வட்டாரப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவிற்கு அனுப்பி, "இப்பெண்ணுக்காக அனைவரும் பிரார்த்தனை செய்யுங்கள்" என்று எழுதினோம். குழுவில் நூற்றைம்பது பேருக்கு மேல் இருந்தனர். மறுநாள் மாலைக்குள் அச்செய்தி வேறு குழுக்களையும் எட்டிவிட்டது. அவளுக்குப் பேசிவந்த சம்பந்தம் நின்றுபோயிற்று. யாம் அனுப்பியதை அழித்தோம். பிறர் கைக்குச் சென்ற படிகள் அழியவில்லை. நேரில் வந்த அவள் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "டீச்சர், நான் உங்களிடந்தானே சொன்னேன்?" என்று மட்டும் கேட்டாள்.

யாம் கூறியது பொய்யா? இல்லை; முற்றிலும் உண்மை. தீய எண்ணமும் எமக்கில்லை. எனினும் சத்தியாணுவிரதம் மாசுபட்டது. எவ்வாறெனில், உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இவ்விரதத்திற்குக் கூறும் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று இரகோப்பியாக்கியானம். தனிமையில் ஒருவர்க்குரியதாய் இருந்ததை வெளியிடுதல் என்பது அதன் பொருள். பிறர் உள்ளக் கருத்தைக் குறிப்பால் அறிந்து பரப்புவதாகிய சாகார மந்திரபேதமும், பொய்யாக எழுதுவதாகிய கூடலேகக் கிரியையும் அவற்றுள் அடங்கும். இன்று ஒருவர் பெயரையும் படத்தையும் எடுத்துப் போலிக் கணக்குத் தொடங்கி, அவருடைய நண்பர்களிடம் பணம் கேட்கின்றார்களே, அது கூடலேகமன்றி வேறென்ன?

தேசவிரதத்தின் அதிசாரங்களையும் எண்ணிப் பாருங்கள். இன்று இவ்வெல்லையைக் கடவேன் என்று உறுதி பூண்டவர், தாம் எல்லைக்குள்ளேயே இருந்துகொண்டு குரலை அப்பால் கேட்கச் செய்தல் சப்தானுபாதம். தம் உருவை அப்பால் உள்ளார்க்குக் காட்டுதல் ரூபானுபாதம். கல் முதலியவற்றை எறிந்து குறிப்புணர்த்தல் புத்கலக்ஷேபம். கால் எல்லையைத் தாண்டாவிடினும் குரலும் உருவும் தாண்டினால் குற்றமே என்று நம் ஆசாரியர்கள் நுணுகி உணர்ந்திருந்தனர். நாமோ நாற்காலியில் அமர்ந்தபடியே குரலையும் படத்தையும் உலகெங்கும் எறிந்துகொண்டிருக்கின்றோம்.

வினை வரும் வாயில் ஆஸ்ரவம். அவ்வாயிலை அடைத்தல் சம்வரம். மனம், வாக்கு, காயம் ஆகிய மூன்றையும் காப்பதை மூன்று குப்திகள் என்கின்றோம். குப்தி என்னும் சொல்லுக்கே காத்தல் என்பதுதான் பொருள். முனிவர்கள் முழுமையாகக் கைக்கொள்ளும் இக்காப்பை இல்லறத்தார் இயன்ற அளவு கைக்கொள்ளல் வேண்டும்.

அதற்குச் சில வழிகள் உள. வாட்ஸ்அப்பில் 'செட்டிங்ஸ்' பகுதியிலுள்ள 'பிரைவசி'யைத் திறந்து, நம் படத்தையும், நாம் இறுதியாக வந்த நேரத்தையும் யார் காணலாம், நம்மைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பவற்றை நம் தொடர்பில் உள்ளோர் அளவில் நிறுத்துக. அதே 'செட்டிங்ஸ்' பகுதியில் ஆறு இலக்க இரண்டாம் பூட்டு ஒன்றுண்டு, அதனையும் இட்டுக்கொள்க. வங்கியிலிருந்தோ செயலியிலிருந்தோ வரும் ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்பினும் சொல்லற்க. முகநூலில் நம் நண்பர் பட்டியலை நாம் மட்டும் காணுமாறு மறைத்து வைத்தால், போலிக் கணக்குத் தொடங்குவோர்க்கு நம் உறவினரைக் கண்டறிவது அரிதாகும். தெரிந்தவர் பெயரில் பணம் கேட்டு வந்தால், முன்பே அறிந்த எண்ணில் அவரை அழைத்துப் பேசிய பின்னரே எதுவும் செய்க. ஏமாந்துவிட்டால் வெட்கி மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 2023ஆம் ஆண்டில் தனிநபர் தரவுகளைக் காக்கச் சட்டமும் இயற்றப்பட்டது. எனினும் நம் விரல் பிறரை நோகச் செய்யாமல் காப்பது நம் விரதமே. வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியை இடைவழியில் எவரும் படிக்க இயலாதவாறு பூட்டியிருக்கின்றார்கள். பெற்றுக்கொண்டவர் பிறர்க்கு அனுப்புவதைத் தடுக்க அப்பூட்டால் ஆகாது. யாமே அதற்குச் சான்று.

பரிக்கிரகத்திற்கு அளவு வகுத்த நாம் தொடர்புகளுக்கும் அளவு வகுத்தல் தகும். சதுர்த்தசிதோறும் பிரதிக்கிரமணம் முடித்தபின் கைபேசியை எடுத்து, அறியாத எண்களையும், பயனற்ற குழுக்களையும் நீக்கும் வழக்கத்தை யாம் மேற்கொண்டிருக்கின்றோம். பிறர் செய்தி எதனையும் அவரைக் கேளாது அனுப்புவதில்லை என்றும் உறுதி பூண்டுள்ளோம். பேரக்குழந்தைகளின் படங்களுக்கும் இஃது பொருந்தும்.

அவ்வாண்டு க்ஷமாவணி நாளில், எல்லாக் குழுக்களுக்கும் ஒரே மன்னிப்புச் செய்தியை அனுப்பும் வழக்கத்தை விடுத்து, அம்மாணவியின் இல்லத்திற்கு நேரில் சென்று மன்னிப்பு வேண்டினோம். அவள் மன்னித்தாள். இழந்ததை எம்மால் மீட்டுத்தர இயலவில்லை. இக்கட்டுரையை எழுதும் முன்னரும் அவளிடம் இசைவு கேட்டோம். "பெயரில்லாமல் எழுதுங்கள் டீச்சர், வேறொரு பெண்ணுக்கு இது நேராமல் இருக்கட்டும்" என்றாள். அவள் விருப்பப்படியே எழுதியுள்ளோம்.

அறம் ஓங்குக!