சொன்ன வழி

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். அங்கே வழி தவறாது. தவறுவது மேலே, தேயிலைத் தோட்டத்து லயன்களில். ஒரே கூரை, ஒரே சுவர், ஒரே வாசல், வரிசை வரிசையாக. கடன் பாக்கிக்கு நோட்டீஸ் கொடுக்க வங்கியிலிருந்து போன நான் ஒரே குழாயடிக்கு மூன்று தடவை வந்து சேர்ந்தேன்.

பாஸ்டன், ஜெர்ஸி சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் வாசிகளை விசாரித்து கெவின் லிஞ்ச் 1960இல் ஒரு புத்தகம் எழுதினார். பாதை, விளிம்பு, வட்டாரம், சந்தி, அடையாளச் சின்னம் என்று ஐந்து கூறுகள். இவை தெளிவாகக் கண்ணில் படும் ஊரே நல்ல ஊர் என்பது அவர் கட்சி. யாருக்கு நல்லது என்பது என் சந்தேகம்.

லயனில் இருப்பவர்களுக்கு வீடுகள் ஒன்றுபோல் இல்லை. ஒரு கிழவி சொன்னாள்: "சாமந்தி வச்ச வீட்டுக்கு அங்கிட்டு, கோழிக்கூடு தாண்டி." என் கையிலிருந்த காகிதத்தை அப்புறம்தான் பார்த்தாள். "அப்படி ஆளு இங்கிட்டு இல்லீங்க சார்."

சாமந்தி அதற்குள் என் கண்ணில் பட்டுவிட்டது. ஆனால் அவள் வழி சொன்னது ஊருக்குப் புதிதாக வந்து திகைத்து நின்றவனுக்கு, வங்கிக்கு அல்ல. அவனிடம் கொடுத்ததை வசூல்காரன் எடுத்துக்கொள்ளலாமா? 'விலாசத்தில் ஆள் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். பொய்தான். அன்றைய தினத்துக்கு வாங்கிய பிரயாணப்படியும் சேர்ந்து உறுத்துகிறது.