உப்பு விளையும் நேரம்

பொங்கல் கழிந்த கையோடு மரக்காணம் உப்பளங்களில் வேலை தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில் கரைந்த வரப்புகளை எடுத்துக் கட்டி, பாத்தித் தரையை மிதித்து இறுக்கி, உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றிக் காய விடுவார்கள். உள்ளே வரும்போது கடல்நீரின் அடர்த்தி மூன்று, மூன்றரை டிகிரிதான். வெயிலும் காற்றும் சேர்ந்து அதை 25 டிகிரிக்கு ஏற்றிய பிறகே உப்பு படியும். 30ஐ நெருங்க விட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசப்பு ஏறிவிடும்; அதற்குள் கசப்பு நீரை வடித்தாக வேண்டும். ஆக, உப்புக்கும் ஒரு நல்ல நேரம் உண்டு. மேகம் மூடினால் அது தள்ளிப்போகும், காற்று நன்றாக அடித்தால் முந்தும். கிழமை அதற்குத் தெரியாது. ஆனால் இதே கரையில் மனை வாங்கவும், படகைக் கடலில் இறக்கவும், பெண்ணின் கழுத்தில் தாலி ஏறவும் காலண்டர் தாளைத்தான் பார்க்கிறோம். இரண்டையும் 'நல்ல நேரம்' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல என்பது என் வாதம். முதலாவது, செயலுக்குள்ளேயே பழுத்து வருவது. இரண்டாவது, செயலின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வெளியிலிருந்து ஒட்டப்படுவது.

நேரம் பார்ப்பதே மடமை என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர் உப்பளத்தையும் அறியார், கடலையும் அறியார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துகிறோமே, அதுவும் காலம் பார்ப்பதுதான். மீன் இனம் பெருகும் பருவம் என்பது அதற்குக் காரணம். சந்திரயான்-3 நிலவில் இறங்க 2023 ஆகஸ்ட் 23ஐத் தேர்ந்ததும் வானத்தைப் பார்த்துத்தான். இறங்கும் இடத்தில் அப்போதுதான் பொழுது விடிந்திருக்கும். சூரிய ஒளியில் இயங்கும் கருவிகளுக்கு ஏறக்குறைய பதினான்கு நாள் வெளிச்சம் முழுசாகக் கிடைக்கும். திருக்குறளில் 'காலமறிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அது வைக்கப்பட்ட இடத்தைக் கவனியுங்கள்: முன்னால் வலியறிதல், பின்னால் இடனறிதல். பகலில் ஆந்தையை வெல்லும் காக்கையும், மீனுக்காக அசையாமல் நிற்கும் கொக்கும் அங்கே வருகின்றன. ராகுவும் குளிகையும் வரவில்லை. தன் பலத்தையும் நிற்கும் இடத்தையும் அறியாதவனுக்குக் காலம் மட்டும் தனியாகக் கைகொடுக்காது என்பதை அந்த வரிசையே காட்டுகிறது.

இனி காலண்டர் சொல்லும் நேரத்துக்கு வருவோம். அன்றாடம் அதிகம் பார்க்கப்படுவது ராகு காலம். பகலை எட்டாகப் பகுத்து, கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்கு ஒதுக்குவது கணக்கு: திங்கள் ஏழரை முதல் ஒன்பது, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு என்று குழந்தைகளும் ஒப்பிக்கும். ராகு என்பது நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் ஒரு புள்ளி. அது ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றி வரப் பதினெட்டரை ஆண்டு ஆகும். வேடிக்கை என்னவென்றால், ராகு காலம் கணிக்க அந்தப் புள்ளி இன்று வானத்தில் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கிழமையும் சூரிய உதயமும் போதும். அந்த உதயத்தையும் ஆண்டு முழுவதும் காலை ஆறு மணி என்றே வைத்து அச்சிடுகிறோம். சரி, ராகு நிழல் கிரகம். கண்ணுக்குத் தெரிகிற சனியை எடுத்துக்கொள்வோம். சனி கும்பத்துக்குப் பெயர்ந்த நாள் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி, திருநள்ளாற்றில் லட்சக்கணக்கானோர் கூடும் அந்தப் பெயர்ச்சி 2023 டிசம்பர் 20. இடைவெளி பதினொரு மாதம். சனி எந்த நாளிலும் வானத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். எது சரி என்று தீர்க்காமல் இரண்டு பஞ்சாங்கங்களும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் விற்கின்றன. எதை வாங்கியவருக்கும் வாழ்க்கையில் வேறுபாடு தெரிந்ததாகக் காணோம்.

இவ்வளவு பழைய வழக்கம் வெறுமனே நிலைத்திருக்குமா என்பார்கள். பழமை உண்மைதான். நிலவும் உரோகிணியும் கூடிய நாளில் மணம் நடப்பதை அகநானூறு காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கும் கோவலனுக்கும் மணம் நடந்ததும் அதே உரோகிணி நாளில். தமிழ் இலக்கியத்திலேயே மிகச் சிறப்பாக நாள் பார்த்து நடந்த கல்யாணம் எங்கே போய் முடிந்தது என்று சொல்லத் தேவையில்லை. பூச நட்சத்திரத்தில் குறித்த பட்டாபிஷேக நாளில் இராமன் காட்டுக்குப் போனான். நாள் பார்க்கும் வழக்கத்தைப் பதிவு செய்த கவிகளே, அது காப்பாற்றும் என்று எழுதிவைக்கவில்லை. அது ஊழின் கதை, முகூர்த்தத்தின் குறையல்ல என்று மறுக்கலாம். ஊழ் அவ்வளவு வலியதென்றால் முகூர்த்தத்துக்கு வேலை என்ன?

கடற்கரைக்காரர்கள் இதைவிடக் கூர்மையாக ஒன்று கேட்பார்கள்: கடலையே இழுக்கிற நிலா மனிதனை இழுக்காதா? இழுக்கட்டும். மரக்காணம் கரையில் ஓதம் அமாவாசைக்கும் பெளர்ணமிக்கும் ஏறுகிறது, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில். வளர்பிறைக்கு ஒரு கடல், தேய்பிறைக்கு ஒரு கடல் என்று இல்லை. பஞ்சாங்கமோ வளர்பிறையை உயர்த்தித் தேய்பிறையைத் தாழ்த்துகிறது. தமிழ்நாட்டில் பலருக்கு அமாவாசை நிறைந்த நாள், தொழில் தொடங்க உகந்தது. இந்தியாவின் பல பகுதிகளில் அன்று எதையும் தொடங்கமாட்டார்கள். நிலா ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது. கணிப்பு தவறினால் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையைப் புரட்டிப்போட்டது. அது புயலாக வலுக்காது என்று ஒரு கட்டத்தில் சொன்ன வானிலைத் துறை, மறுநாளே புயல் என்று திருத்தியது. கேலி செய்தோம்; ஆனால் தவறு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, திருத்தமும் தெரிந்தது. நல்ல நேரத்தில் தொடங்கி நொடித்த தொழில்களின் கணக்கை எந்தப் பஞ்சாங்கமாவது அச்சிட்டிருக்கிறதா?

மனநிம்மதிக்காகப் பார்க்கிறோம் என்பதே கடைசியில் மிஞ்சும் பதில்; அதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். நாள் குறித்தால்தான் உறவு கூடுகிறது, தள்ளிப்போட்ட வேலை நடக்கிறது. ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் உப்பு யாத்திரையைத் தொடங்கியது 1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாளில். நாளுக்கு அப்படி ஒரு பொருள் ஏற்றுவது மனிதர் கையில் இருக்கிறது. அதே வேதாரண்யத்தில், இன்னோர் உப்பளக் கரையில், சமயமும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறது. பாண்டிய அரசி மங்கையர்க்கரசியார் அழைப்பில் மதுரைக்குப் புறப்பட்ட சம்பந்தரைக் கோள்நிலை சரியில்லை என்று அப்பர் தடுத்ததாகவும், அவர் கோளறு பதிகம் பாடிவிட்டுக் கிளம்பியதாகவும் சைவ மரபு சொல்கிறது. அடியார்க்கு எல்லாக் கோளும் நல்லவையே என்பது அதன் சாரம். அந்தப் பதிகத்தையே இன்று கிரக தோஷப் பரிகாரமாக நேரம் பார்த்து ஓதுகிறவர்கள் உண்டு!

நிம்மதியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே என் அளவுகோல். முகூர்த்த நாட்களில் பத்திரப்பதிவுத் துறை 100 டோக்கனை 150 ஆக்குவது அரசு காட்டும் சலுகை. கூடுதல் நெரிசலோடு போய்விடும். மண்டப வாடகை ஏறுவது அவரவர் பை. பிறக்கப்போகிற குழந்தையின் நட்சத்திரத்தைப் பெரியவர்கள் தேர்ந்தெடுத்து, அதற்கேற்ப சிசேரியனுக்கு நேரம் கேட்பது அப்படியல்ல. 39 வாரம் நிறையாமல், மருத்துவக் காரணமும் இல்லாமல் எடுக்கப்படும் குழந்தைக்கு மூச்சுத் தொல்லை வரும் வாய்ப்பு கூடுதல். 25 டிகிரிக்கு முன் பாத்தியை வாரினால் கிடைப்பது வெறும் தண்ணீர் என்று உப்பளத்தில் எல்லோருக்கும் தெரியும். பால் காய்ச்ச நாள் பாருங்கள், கடை திறக்கப் பாருங்கள், மோதிரம் மாற்றப் பாருங்கள். பிரசவத் தேதியை மட்டும் ஜோசியரிடம் கொண்டுபோகாதீர்கள்.