கோவில் வாசலில் நின்ற கூட்டம்



நியூயோர்க் நகரின் தென்கோடியில் பார்க்லே வீதி என்றொரு வீதி உண்டு. அங்கே கருங்கல்லாலான பழைய கோவில் ஒன்று நிற்கிறது. புனித இராயப்பர் கோவில் என்பது அதன் பெயர். 1785ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட அந்தப் பங்குதான் நியூயோர்க் மாநிலத்தின் மிகப் பழைய கத்தோலிக்கப் பங்கு. இரட்டைக் கோபுரங்கள் நின்ற இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். 2001 செப்டெம்பர் 11ஆம் நாள் அக்கோபுரங்கள் தாக்கப்பட்டபோது, தீயணைப்புப் படையின் ஆன்ம குருவாகிய மைக்கல் ஜட்ஜ் அடிகளார் கடமையிலேயே உயிர் நீத்தார். வீரர்கள் அவருடைய உடலைச் சுமந்து வந்து இந்தக் கோவிலின் பீடத்தின் முன்னேதான் கிடத்தினார்கள்.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 2010இல், அடுத்த வீதியாகிய பார்க் பிளேசில், தொழுகை மண்டபத்தோடு கூடிய ஒரு சமூக நிலையம் கட்டுவதற்கு முஸ்லிம்கள் முன்வந்தார்கள். அங்கிருந்த பழைய கட்டிடத்தில் ஏற்கெனவே தொழுகை நடந்துகொண்டுதான் இருந்தது. அதுவரை அதை எவரும் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் செய்தி பரவியதும் நாடே கொந்தளித்தது. இவர்களுடைய விசுவாசம் வேறு நாட்டுக்கு என்றார்கள். இவர்களுடைய பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். இவர்களுடைய மதம் குடியாட்சிக்குப் பொருந்தாது என்றார்கள். அந்தத் திட்டம் சொன்னபடி நிறைவேறவில்லை.

எதிர்த்தவர்களுள் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரும், கணவரை இழந்த பெண்களும் இருந்தார்கள். அவர்களுடைய கண்ணீரை நான் குறைசொல்ல மாட்டேன். துக்கம் பாவமன்று. ஆனால் அந்தக் கூச்சலின் நடுவே புனித இராயப்பர் கோவிலின் பங்குக் குரு தம் மக்களுக்கு ஒரு பழைய கதையை நினைவூட்டினார். அந்தக் கதையைத்தான் உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

1700ஆம் ஆண்டில் நியூயோர்க் குடியேற்றத்தில் ஒரு சட்டம் இயற்றினார்கள். கத்தோலிக்கக் குரு எவரும் அங்கே தங்கலாகாது. பிடிபட்டால் ஆயுட்காலச் சிறை. நாடு சுதந்திரம் பெற்ற பிறகும் சந்தேகம் தீரவில்லை. 1777ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பின்படி, குடியுரிமை கேட்டு வருகிறவர் சமய காரியங்களிலுங்கூட வெளிநாட்டு அதிகாரம் எதற்கும் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்யவேண்டும். வெளிநாட்டு அதிகாரம் என்று அவர்கள் நினைத்தது யாரை? பாப்பரசரைத்தான். 1805இல் எலிசபெத் சீற்றன் என்ற விதவைப் பெண் இதே புனித இராயப்பர் கோவிலில் கத்தோலிக்கரானார். உறவினர் பலர் அவரைக் கைவிட்டார்கள். (அந்த விதவையைத்தான் 1975இல் ஆறாம் சின்னப்பர் புனிதராக உயர்த்தினார்.) மறு ஆண்டு, 1806இல், நத்தாருக்கு முந்திய இரவு, இந்தக் கோவில் வாசலிலேயே ஒரு கூட்டம் திரண்டு நின்று வழிபட வந்தவர்களைத் தொல்லைப்படுத்தியது. மறுநாள் கலகம் மூண்டு ஒரு காவலர் கொல்லப்பட்டார்.

இது ஒரு வீதியின் கதை மட்டுமா? 1834இல் பொஸ்டன் அருகே ஊர்சுலாக் கன்னியர் மடத்தைத் தீக்கிரையாக்கினார்கள். 1844இல் பிலடெல்பியாவில் இரண்டு கோவில்கள் எரிந்தன. 1928இல் அல் ஸ்மித் சனாதிபதித் தேர்தலில் நின்றபோது, இவர் வென்றால் பாப்பரசரே ஆள வந்துவிடுவார் என்று பிரசாரம் செய்தார்கள். 1960 செப்டெம்பரில்கூட, ஜோன் கென்னடி ஹூஸ்டன் நகரில் புரட்டஸ்தாந்து போதகர்களின் முன்னே எழுந்து நின்று, தாம் உரோமையின் கட்டளைக்கு ஆடமாட்டேன் என்று விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. தன் நாட்டுக்காகப் போரிலே காயப்பட்ட மனிதனுக்கு இந்த நிலை!

இன்று நிலைமை வேறு. 2017இல் பியூ ஆய்வு நிலையம் அமெரிக்க மக்களிடம், ஒவ்வொரு மதத்தினர் மீதும் உங்கள் மனத்தில் எவ்வளவு நல்லெண்ணம் உண்டு, நூற்றுக்கு இத்தனை என்று புள்ளியிடுங்கள் என்று கேட்டது. கத்தோலிக்கருக்குக் கிடைத்தது 66. முஸ்லிம்களுக்கு 48. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அது 40ஆக இருந்தது. முஸ்லிம் ஒருவரை நேரிலே பழகி அறிந்தவர்கள் கூடுதலான புள்ளி கொடுத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். நமக்கு அந்த 66 எப்படி வந்தது? நமது புண்ணியத்தால் மட்டும் வந்ததென்று நான் நம்பவில்லை. காலம் மாறியது, அயலவர் பழகினார்கள், பயமுறுத்துவதற்கு வேறு ஆட்கள் கிடைத்தார்கள்.

முஸ்லிம்கள் அந்த நாட்டுக்கு நேற்று வந்தவர்களும் அல்லர். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டவர்களுள் முஸ்லிம்கள் பலர். ஓமர் இப்ன் சைத் என்ற அடிமை 1831இல் வட கரோலினாவில் தம் வாழ்க்கை வரலாற்றை அரபு மொழியிலே எழுதினார். 2017ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி அங்கே வாழ்ந்த முஸ்லிம்கள் ஏறக்குறைய 34½ இலட்சம் பேர். நூற்றுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒருவருக்குப் பயந்துதான் இத்தனை ஆர்ப்பாட்டம். முஸ்லிம்களுக்கு எதிரான குற்றச் சம்பவங்கள் என்று மத்திய புலனாய்வுத் துறை 2000இல் பதிந்தவை 28; 2001இல் பதிந்தவை 481. தாக்குதல் நடந்து ஆறாம் நாளே சனாதிபதி புஷ் வாஷிங்டன் பள்ளிவாசலுக்குச் சென்று, இக்குற்றத்தை இஸ்லாத்தின் மேல் சுமத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னரே அரிசோனாவில் ஒரு சீக்கியரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவர் தலையிலே தலைப்பாகை இருந்தது, அது போதுமாயிருந்தது.

நிற்க. இதெல்லாம் அமெரிக்காவின் கதை, நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் நம்மவர்கள் பூசையிலே கொல்லப்பட்டார்கள். அந்தக் காயம் உங்களுள் பலருக்கு இன்னும் ஆறவில்லை. நியூயோர்க்கில் அழுத தாய்மாரின் துக்கம் எப்படிப்பட்டதென்று உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அடுத்த மாதமே, அந்தக் குற்றத்தில் எந்தப் பங்கும் இல்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் நமது நாட்டிலே உடைக்கப்பட்டபோது நாம் வீட்டுக்குள்ளே என்ன பேசிக்கொண்டோம்? “இவங்கள் எல்லாரும் இப்பிடித்தான்” என்று சொல்லவில்லையா? அடையாள அட்டையில் பெயரைப் பார்த்தவுடனே வரிசையிலிருந்து தனியே நிறுத்தப்பட்டவர்கள் நாம். அப்படி நிற்கிறவனின் நெஞ்சு எப்படி அடிக்கும் என்பது நமக்குத் தெரியும். இதைத்தான் ஆண்டவர் மோயீசன் வழியாக இஸ்ராயேலருக்கு நினைவூட்டினார்: எகிப்தில் நீங்கள் பட்டதை அறிந்தவர்களாதலால் அந்நியனை ஒடுக்கவேண்டாம் என்று. பட்டவனுக்கே அந்தக் கட்டளை என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல், முஸ்லிம்களைத் திருச்சபை மதிக்கிறது என்றும், பழைய பகைகளை இரு பாலாரும் மறக்கவேண்டும் என்றும் வெளிப்படையாக அறிவித்தது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். மைக்கல் ஜட்ஜ் அடிகளார் இறந்த அதே இடத்தில், அதே காலையில், 23 வயது வாலிபன் ஒருவனும் இறந்தான். கராச்சியில் பிறந்து குழந்தையாய் அமெரிக்காவுக்கு வந்தவன். முஸ்லிம். அவசர மருத்துவ உதவி செய்யப் பயின்றவன். பொலிஸ் பயிற்சி மாணவனாயும் இருந்தவன். வேலைக்குப் போகும் வழியிலே புகையைக் கண்டு உதவிக்கு ஓடினான். வீடு திரும்பவில்லை. அடிகளாரின் உடலைப் பீடத்தின் முன்னே கிடத்தி அழுதார்கள். இந்தப் பிள்ளையையோ தேடப்படுகிறவனைப்போல் விசாரித்தார்கள். ஒளிந்திருக்கிறானோ என்று பத்திரிகை எழுதியது. அவனுடைய தாய் மாதக்கணக்கில் இரண்டு துயரங்களைச் சுமந்தார். 2002 மார்ச்சில், இடிபாடுகளின் நடுவே அவனுடைய உடலின் எஞ்சிய பாகங்கள் கண்டெடுக்கப்பட்ட செய்தி வந்தது. ஏப்ரலில் அமெரிக்கக் கொடி போர்த்திய பெட்டியில், பொலிஸ் மரியாதையுடன், பள்ளிவாசலில் இருந்து அவனை அடக்கத்துக்குக் கொண்டுசென்றார்கள். நகர முதல்வரும் வந்திருந்தார்.

கோபுரங்கள் நின்ற இடத்தில் இன்று இறந்தோரின் பெயர்களை வெண்கலப் பலகைகளில் பொறித்திருக்கிறார்கள். அடிகளாரின் பெயர் தீயணைப்பு வீரர்களின் பெயர்களோடு இருக்கிறது. உதவிக்கு ஓடியவர்களின் வரிசையில் அந்த வாலிபனின் பெயர் இல்லை. அது வேறொரு பலகையில் இருக்கிறது. அதை மாற்றித் தாருங்கள் என்று அந்தத் தாய் பல ஆண்டுகளாய்க் கேட்டுவந்தார்.