கேட்கும் துணிவு

புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம்தானே வேண்டும்? காசோலை எழுதினால் முடிகிற காரியம். அதற்கு எதற்காக ஆயிரக்கணக்கானோர் ஆகஸ்ட் வெயிலில் சைக்கிள் மிதிக்கிறார்கள்? மாசசூசெட்ஸுக்குக் குடிவந்த புதிதில் ‘பான்-மாஸ் சேலஞ்ச்’ பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்கு இப்படித்தான் தோன்றியது.

தோல் புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் 1980இல் தொடங்கிய பயணம் அது. ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கடலோர பிராவின்ஸ்டவுன் வரை 36 பேர் மிதித்தார்கள். பாஸ்டனின் டேனா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்கு 10,200 டாலர் சேர்ந்தது. இதுவரை திரண்ட தொகை இன்று நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, அப்பா போன பிறகு ஆண்டுதோறும் இதில் ஓட்டுகிறாள். ஒவ்வொருவரும் இவ்வளவு திரட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் சேர முடியும். துண்டு விழுந்தால் கைக்காசைக் கட்ட வேண்டும். “மிதிப்பது பெரிதில்லை, நாலு பேரிடம் போய்க் கேட்பதுதான் கஷ்டம்” என்றாள். எனக்கு உடனே புரிந்தது. ‘இரவு’ என்ற அதிகாரத்தை அடுத்து ‘இரவச்சம்’ என்று இன்னொன்றையும் வள்ளுவரை எழுதவைத்த கூச்சம் அல்லவா அது! காவடி எடுப்பவர் போல முதலில் தன் உடம்பை வருத்திக்கொண்டால்தான் பிறரிடம் கைநீட்ட அவளுக்கு மனம் வருகிறது.

லேக்வில் ஊரில் வழியோரத் தண்ணீர்ப் பந்தலில் உதவிக்கு நின்றபோது அவளைப் பார்த்தேன். ஹேண்டில்பாரைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துப்போயிருந்தன. பாட்டில் மூடியை நான்தான் திறந்து கொடுத்தேன். சிகிச்சையில் இருக்கும் குழந்தைகள் தங்களுக்காக ஓட்டும் குழுவினரைப் பார்க்க அங்கே வருவார்கள். தலைமுடி இப்போதுதான் அரும்பத் தொடங்கிய ஒரு சிறுமி, தோழியுடைய வண்டியின் மணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். இவளும் தடுக்கவில்லை.

ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம் கொடுத்தவர் வீட்டு நோயாளியைக் காப்பாற்றுவது அபூர்வம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் தன் சகோதரர்களை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு இழந்தவர். பிறகு அமெரிக்காவில் அந்த நோய்க்கு உதவும் ஃபோலிக் அமிலத்தை அவருடைய குழு செயற்கையாகத் தயாரித்தது. அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தும் அவருடைய குழுவிடமிருந்துதான் வந்தது. அதை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து, சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 1948இல் அறிவித்தார். இந்த மையத்தின் பெயரில் இருக்கும் அதே ஃபார்பர்தான். சகோதரர்கள் போய்ச் சேர்ந்த பிறகு கிடைத்த விடை, யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு மருந்தாக நீண்டது.

தோழிக்கும் இது தெரியும். அப்பா திரும்பி வரமாட்டார். அடுத்த ஆண்டுக்கும் பெயர் கொடுத்திருக்கிறாள். எனக்குச் சைக்கிள் ஓட்ட வராது. ஆனால் எங்கள் குடியிருப்பிலுள்ள தமிழ்க் குடும்பங்களிடம் அவளுக்காக நான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் வீட்டுக் கதவைத் தட்டப்போகிறேன்.